கையெழுத்து போடும் முன் ஒரு நிமிடம்!

பிச்சாவரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு சுரபுன்னைக் காடும் படகுச் சவாரியும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் கிள்ளை, முடசல் ஓடை, பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பக்கத்து வீடுகளில் கேட்டுப் பாருங்கள். கடலுக்கும் வயலுக்கும் போகாத பையன் எங்கே போகிறான்? ஒருத்தன் கடலூர் சிப்காட்டில் இருப்பான். ஒருத்தன் நெய்வேலியில் கான்ட்ராக்ட் வேலையில் இருப்பான். இன்னொருத்தன் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஏதாவது ஒரு குடோனில் நைட் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருப்பான். கொஞ்சம் கடன் வாங்கத் துணிந்த வீடு என்றால் பையன் சிங்கப்பூரில் இருப்பான்.

இந்த நான்கு இடங்களிலும் பார்க்கக்கூடிய வண்டி ஒன்று உண்டு. முன்னால் இரண்டு இரும்பு நாக்கு, பின்னால் கனமான இரும்புக் கட்டை, நடுவில் ஒரு சீட். ஃபோர்க்லிஃப்ட்! ஆன்லைனில் நாம் ஆர்டர் செய்யும் பிரிட்ஜ், ரேஷன் அரிசி மூட்டை, ஏற்றுமதி இறால் பெட்டி என்று பாதிப் பொருள்களை நம் வீடு வரும் வழியில் எங்கோ ஓரிடத்தில் இந்த வண்டிதான் தூக்கி வைக்கிறது. வேகமாக ஓடாது, ரோட்டுக்கு வராது என்பதால் அதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. சிக்கலே அங்குதான் ஆரம்பிக்கிறது.

பார்க்க பொம்மை, எடை யானை

மூன்று டன் தூக்கும் ஒரு ஃபோர்க்லிஃப்ட்டின் சொந்த எடையே நாலு டன்னைத் தாண்டும். சின்னக் கார் நான்கைச் சேர்த்துக் கட்டிய கனம். முன்னால் தூக்கும் பாரத்துக்கு ஈடாகப் பின்னால் இரும்பை ஏற்றியிருப்பதால்தான் இவ்வளவு எடை. கார் முன்சக்கரத்தால் திரும்பும், இது பின்சக்கரத்தால் திரும்பும். ஓட்டுநர் லேசாக ஸ்டீயரிங்கை ஒடித்தால் வண்டியின் பின்பக்கம் வெளியே அகலமாக வீசும். பக்கத்தில் பெட்டி எண்ணிக்கொண்டு நிற்பவருக்கு, வண்டி தன்னை விட்டு விலகிப் போவதுபோல்தான் தெரியும். அடுத்த நொடி அதன் வால் அவரைச் சுவரோடு வைத்து நசுக்கிவிடும்.

இன்னொரு விஷயம். நான்கு சக்கரம் இருந்தாலும் அது நிற்பது மூன்று புள்ளிகளில்தான். முன்சக்கரம் இரண்டு, பின் அச்சின் நடுப்புள்ளி ஒன்று. இந்த முக்கோணத்துக்குள் எடை இருக்கும்வரை பிரச்னை இல்லை. பாரத்தை உயரத் தூக்கியபடியே திரும்பினாலோ, சரிவில் குறுக்கே ஓட்டினாலோ எடை முக்கோணத்தை விட்டு வெளியே போகும். வண்டி சாயும். சாயும்போது எகிறிக் குதிக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். குதிப்பவர் விழும் இடத்தில்தான் தலைக்கு மேலிருக்கும் இரும்புக் கூண்டும் வந்து விழுகிறது. சீட் பெல்ட் போட்டு, ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக உடம்பைச் சாய்த்து உள்ளேயே இருப்பதுதான் உயிரைக் காப்பாற்றும். உட்கார்ந்து ஓட்டும் வண்டிகளுக்கு உலகம் முழுக்கச் சொல்லித்தரும் பாடம் இது. நம் ஊரில் எத்தனை பேருக்கு யார் சொல்லித்தந்தார்கள்?

அமெரிக்காவில் 18 வயது நிரம்பாதவர் வேலையிடத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டவே கூடாது. பயிற்சி கொடுத்து, ஓட்டிக் காட்டச் சொல்லி, நிறுவனம் சான்று தர வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடியும் சோதிக்க வேண்டும். சிங்கப்பூரிலும் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியை முடிக்காமல் ஓட்ட முடியாது. இங்கே பல குடோன்களில் நடப்பது வேறு. ஹெல்பராகச் சேர்ந்த பையன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சாவியை வாங்கி ஓட்டிப் பழகுகிறான். ஆறு மாதத்தில் அவன்தான் ‘ஆபரேட்டர்’. சம்பளம் ஹெல்பர் சம்பளம்தான்.

கடலூர் மாவட்டம் பார்த்தது

பெரிய விபத்துகள் நமக்குப் புதிதல்ல. 2020 மே 7 அன்று நெய்வேலி என்.எல்.சி-யின் இரண்டாவது அனல்மின் நிலையத்தில், ஆறாவது யூனிட் பாய்லரில் விபத்து. எட்டுப் பேர் தீக்காயம் அடைந்தார்கள், அவர்களில் ஐந்து பேர் அடுத்தடுத்து இறந்தார்கள். சரியாக 55 நாள் கழித்து, ஜூலை 1 அன்று, அதே மின் நிலையத்தின் ஐந்தாவது யூனிட்டில் மறுபடியும் விபத்து. ஆறு பேர் சம்பவ இடத்திலேயே இறந்தார்கள். மருத்துவமனையில் எண்ணிக்கை இரட்டை இலக்கத்தைத் தாண்டியது. பாதிக்கப்பட்டவர்களில் பலர் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள்.

அடுத்த வருடம், 2021 மே 13. ஊரடங்கு நேரம். கடலூர் சிப்காட்டில் பூச்சிக்கொல்லி தயாரிக்கும் கிரிம்சன் ஆர்கானிக்ஸ் ஆலையில் வெடிவிபத்து. நான்கு பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் சிப்காட் பக்கத்துக் குடிகாட்டில் சாய ஆலை ஒன்றின் கழிவுநீர்த் தொட்டி வெடித்து, தண்ணீர் ஊருக்குள்ளேயே பாய்ந்தது. அந்த ஆலையில் வேலையே பார்க்காதவர்களும் அடிபட்டார்கள்.

இவையெல்லாம் தலைப்புச் செய்தி ஆனவை. அமைச்சர்கள் வந்தார்கள், விசாரணைக் குழு அமைத்தார்கள். நெய்வேலி இரண்டாவது விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாயும், ஒருவருக்கு நிரந்தர வேலையும் தருவதாக நிறுவனம் அறிவித்தது. பின்னால் தொழிற்சங்கங்கள் நின்றன, மாநிலமே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனால் ஃபோர்க்லிஃப்ட் விபத்து அப்படி வராது. அது ஒருவரை மட்டும் பிடிக்கும். ஒரு கால், நான்கு விரல், ஒரு முதுகெலும்பு. நாலு வரிச் செய்திக்குக்கூட அது தேறாது. டிஜிட்டல் டெஸ்க்கில் தினமும் விபத்துச் செய்தி தட்டச்சு செய்யும் எங்களுக்கு ஒரு வழக்கமான கடைசி வரி உண்டு: ‘குடும்பத்துக்கு நிவாரணம் அறிவிக்கப்பட்டது’. நிவாரணம் அறிவிக்காத விபத்து அத்தோடு செய்தியில் முடிந்துவிடும். சட்டப்படி பார்த்தால், விஷயமே அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

நிவாரணம் வேறு... இழப்பீடு வேறு!

நிவாரணம் என்பது அரசோ நிறுவனமோ மனமிரங்கித் தருவது. எவ்வளவு, எப்போது என்பது அவர்கள் விருப்பம். இழப்பீடு அப்படியல்ல. வேலையால், வேலை நேரத்தில் காயம் பட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று 1923-லேயே, வெள்ளைக்காரன் காலத்திலேயே, சட்டம் வந்துவிட்டது. அந்தத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும், 1948-ன் இ.எஸ்.ஐ. சட்டமும் இப்போது ‘சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020’ என்ற ஒரே குடைக்குள் வந்திருக்கின்றன. 2025 நவம்பர் 21 முதல் இது நடைமுறைக்கு வந்தது. பெயர் மாறினாலும் அடிப்படைக் கணக்கு மாறவில்லை.

முதலில் ஒரு கேள்வி: சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு இது உண்டு. தொழிலாளி பங்கு 0.75 சதவிகிதம், முதலாளி பங்கு 3.25 சதவிகிதம். 15,000 ரூபாய் சம்பளத்தில் பிடிப்பது 112 ரூபாய் 50 காசுதான். அதற்கு ஈடாக, வேலையில் அடிபட்டால் சிகிச்சை முழுவதும் இலவசம். வேலைக்குப் போக முடியாத நாள்களுக்குச் சம்பளத்தில் சுமார் 90 சதவிகிதம். நிரந்தர ஊனம் என்றால், அதன் அளவுக்கு ஏற்ப ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம். இறந்துவிட்டால் மனைவி, பிள்ளைகளுக்கு மாதாந்தரத் தொகை. சாதாரண நோய்க்கான உதவித்தொகை பெற இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. வேலைக் காயத்துக்கு அந்த நிபந்தனை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு.

இ.எஸ்.ஐ. இல்லையா? அப்போது இழப்பீட்டுக் கணக்கு. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது.

கணக்கு எப்படி? 30 வயது, மாதம் 15,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். பழைய சட்டத்தின் கீழ் 2020 ஜனவரி 3 முதல் கணக்கில் எடுக்கப்பட்ட உச்ச சம்பளமும் அதுதான். ஒவ்வொரு வயதுக்கும் சட்ட அட்டவணையில் ஒரு எண் உண்டு. 30 வயதுக்கு 207.98. வயது குறையக் குறைய இந்த எண் கூடும், ஏனென்றால் இழந்த வருடங்கள் அதிகம்.

இறப்பு என்றால் சம்பளத்தில் பாதியை இந்த எண்ணால் பெருக்க வேண்டும். 7,500 × 207.98 = 15,59,850 ரூபாய்.

முழு நிரந்தர ஊனம் என்றால் சம்பளத்தில் 60 சதவிகிதம். 9,000 × 207.98 = 18,71,820 ரூபாய்.

பகுதி ஊனம் என்றால் இதில் ஒரு பங்கு. ஒரு கட்டை விரல் போனால் 30 சதவிகிதம், அதாவது 5,61,546 ரூபாய். ஒரு கையின் நான்கு விரல் போனால் 50 சதவிகிதம், அதாவது 9,35,910 ரூபாய்.

இப்போது மருத்துவமனை வராந்தாவுக்கு வருவோம். வழக்கமாக மூன்றாவது நாள் மேஸ்திரியோ கான்ட்ராக்டரின் ஆளோ வருவார். கையில் கவர், அதில் ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ இருக்கும். “அக்கா, முதலாளி ரொம்ப நல்லவரு. கேஸுன்னு போனா வருஷக்கணக்கா இழுக்கும். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க.” ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் பஸ் காசுக்கே கடன் வாங்கியிருக்கும் வீட்டுக்கு அந்தக் கவர் பெரிய தொகை. பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிப்பதில்லை. சில நேரம் அதில் ஒன்றுமே எழுதியிருக்காது.

தெரிந்துகொள்ளுங்கள். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம், சட்டம் சொல்லும் தொகையைக் குறைக்கும் அளவுக்குச் செல்லாது. இறப்பு விபத்தில் இழப்பீட்டைக் குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுக்கவே கூடாது. சட்டப்படியான அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். அவர்தான் மனைவிக்கு எவ்வளவு, பிள்ளைகள் பெயரில் எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பார். மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணமாகக் கொடுக்க மட்டும் அனுமதி உண்டு. ஆகவே கவரில் வரும் பணத்தை ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ‘இன்ன தேதியில் இவ்வளவு ரூபாய் பெற்றுக்கொண்டேன்’ என்பதற்கு மேல் ஒரு வரிக்கும் கையெழுத்து வேண்டாம். வெற்றுத் தாளில் வேண்டவே வேண்டாம்.

“அவன் தப்புதாங்க” என்றால்?

அடுத்து வருவது இந்த வாதம். ஹெல்மெட் போடவில்லை, ஓரமாக நிற்கவில்லை, போன் பார்த்துக்கொண்டிருந்தான்...

வெறும் கவனக்குறைவு என்பதற்காக இழப்பீட்டை மறுக்க முடியாது. குடித்திருந்தார், தெளிவான பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறினார், பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றினார் என்று நிரூபித்தால்தான் மறுக்கலாம். அதுவும் இறப்பிலும் முழு நிரந்தர ஊனத்திலும் எடுபடாது.

“அவன் எங்க ஆளே இல்ல, கான்ட்ராக்டர் ஆள்” என்பது இன்னொரு வாதம். கான்ட்ராக்டர் மூலம் வேலைக்கு வந்திருந்தாலும், யாருடைய வேலைக்காக வந்தாரோ அந்த முதன்மை நிறுவனம் பொறுப்பு ஏற்க வேண்டும். கொடுத்த பணத்தைக் கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்வது அவர்கள் பாடு.

பணம் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதம் தாண்டினால் 12 சதவிகித வட்டி சேரும். தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையென்றால் 50 சதவிகிதம் வரை அபராதமும் சேரலாம். ‘இழுத்தடித்தால் களைத்துவிடுவார்கள்’ என்று நினைப்பவர்களுக்காகவே வைத்த பிரிவு இது.

விரலுக்கு இவ்வளவு, கைக்கு இவ்வளவு என்ற அட்டவணையும் முடிந்த முடிவல்ல. ஒடிசாவின் ஜெய்ப்பூரில் (ராஜஸ்தான் ஜெய்ப்பூர் அல்ல) ஒரு சினிமா தியேட்டரில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு கைதானே போனது, இது பகுதி ஊனம்தான் என்றார் முதலாளி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தச்சு வேலையை ஒரு கையால் செய்ய முடியாது, ஆகவே அவருக்கு இது முழு ஊனம்தான் என்று 1975 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. பார்த்துக்கொண்டிருந்த வேலையை இனிப் பார்க்க முடியுமா என்பதே கேள்வி. ஒரு கால் போன ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டருக்கும், வலைஇழுக்கும் கையை இழந்தவருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்துக்கும், வேலைக்கும் அந்த விபத்துக்கும் தொடர்பு இருந்தால் இழப்பீடு உண்டு. சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் பைக்கில் வேலைக்குப் போகும்போது இறந்த வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதிகாலை ஷிஃப்ட்டுக்காகக் கடலூர் ரோட்டில் இருட்டில் பைக் ஓட்டும் பையன்களின் வீட்டில் இது தெரிந்திருக்க வேண்டும்.

முதல் சில மணி நேரம்

விரல் துண்டாகிவிட்டால், துண்டைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் மேல் வையுங்கள். விரலை நேரடியாக ஐஸில் போடக் கூடாது, திசு கருகிவிடும். ஐஸ் பெட்டி தெருவுக்குத் தெரு இருக்கும் நம் பகுதியில் இந்தத் தவறு எளிதில் நடக்கும்.

எந்த மருத்துவமனைக்குப் போனாலும், அது அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ தனியாரோ, ‘வேலையிடத்தில், இன்ன வேலை செய்யும்போது அடிபட்டது’ என்று பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். ‘வீட்டில் வழுக்கி விழுந்தார்’, ‘பைக்கில் விழுந்தார்’ என்று கூட வந்தவர் சொல்லிவைத்தால், பின்னால் நீங்கள் எவ்வளவு சொன்னாலும் அந்த ஒரு வரி முன்னால் வந்து நிற்கும். விபத்துப் பதிவு நகலைக் கேட்டு வாங்குங்கள். போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். கூட வேலை பார்த்த இரண்டு பேரின் பெயரையும் போன் நம்பரையும் அன்றைக்கே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் அவர்கள் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்கள்.

புதிய தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் ஒரு நல்ல விஷயம் உண்டு. நிறுவனம் தன் கடமையைச் செய்யாததால் மரணமோ பலத்த காயமோ நேர்ந்தால், நீதிமன்றம் விதிக்கும் அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைப் பாதிக்கப்பட்டவருக்கோ வாரிசுகளுக்கோ தரச் சொல்லலாம். இழப்பீடு போக, தனியாக. ஆனால் வழக்குப் பதிவானால்தானே அபராதம் வரும்? விபத்தை மறைத்துவிட்டால் எல்லாமே மறைந்துவிடும்.

வக்கீல் ஃபீஸுக்குப் பயப்பட வேண்டாம். 1987-ன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச சட்ட உதவி பெறத் தகுதியானவர்களில் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் பெண்களும் உண்டு. 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தால் போதும். இ.எஸ்.ஐ. சந்தேகங்களுக்கு 1800-11-2526.

சிங்கப்பூரில் இருப்பவருக்கு

அங்கேயும் இதே அடிப்படைதான். யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளில் இறப்புக்கு 91,000 முதல் 2,69,000 சிங்கப்பூர் டாலர் வரை, முழு நிரந்தர ஊனத்துக்கு 1,16,000 முதல் 3,46,000 டாலர் வரை இழப்பீடு என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். விபத்து நடந்து ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும். ‘ஊருக்குப் போய் ரெஸ்ட் எடு, பணம் அனுப்பி வைக்கிறோம்’ என்று டிக்கெட் போட்டுக் கொடுத்தால், விமானம் ஏறும் முன் அங்குள்ள மனிதவள அமைச்சகத்தில் விபத்து பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த வாரம் வீட்டில் செய்ய ஒரு வேலை

வேலைக்குப் போகும் மகனிடமோ கணவரிடமோ ஐந்து விஷயங்களைக் கேட்டு, போனில் படமாக எடுத்து வையுங்கள். ஐடி கார்டு. இ.எஸ்.ஐ. எண். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு அல்லது பேங்க் பதிவு. கான்ட்ராக்டர் பெயர், எந்தக் கம்பெனிக்காக வேலை என்ற விவரம். வேலை நியமனக் கடிதம். இந்தக் கடிதத்தை எல்லாத் தொழிலாளிக்கும் கொடுத்தாக வேண்டும் என்று இப்போது சட்டமே சொல்கிறது, கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். “ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறியாப்பா? யார் கத்துக்கொடுத்தா? பெல்ட் போடுறியா? அதோட நாக்குல ஆளை நிக்க வெச்சு மேல தூக்குறாங்களா?” கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம்மா, லைட் மாத்தத்தானே’ என்று சிரித்தபடி பதில் வந்தால், இனி அதில் ஏறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். சூப்பர்வைசர் சொன்னாலும் ஏறக் கூடாது. அம்மா சொன்னதாகவே சொல்லட்டும், பரவாயில்லை.